டாக்டரின் ஆராய்ச்சியில் நான் கண்ட்ரோல்

வயிற்றுவலிக்கு நான் முதலில் சொன்ன காரணம் கம்பெனி கேன்டீன் சாம்பார். அடுத்து நைட் ஷிப்ட். அதற்கடுத்து போர் தண்ணீர். ஒவ்வொரு காரணமும் கொஞ்ச காலம் தாங்கியது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே முறுக்கும். வயிறு ஒரு பக்கமாகத் திரண்டு எழும்பி, உள்ளே யாரோ குடத்தை உருட்டுவது போலச் சத்தம் கேட்கும். பிறகு அடங்கிவிடும். அடங்கிவிட்டால் நானும் மறந்துவிடுவேன். பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததை என் மனைவி கஸ்தூரி பார்த்துவிட்டாள்.

“இன்னாயா, ஆளு பாதியா பூட்ட. வேலைக்குப் போறியா, வேற எங்கனா போயி கொறஞ்சிகினு வர்றியா?”

நான் ஓரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்யும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். வீடு சேரப்பணஞ்சேரி. ஓரகடம் ரோடு அப்போது இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்க வேண்டிய ரோடு. எனக்கு நாற்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. படிப்பு பத்தாவது வரை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. சூப்பர்வைசரிடம் லீவு கேட்க வேண்டுமென்றால் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாயங்காலம் கேட்காமலே வந்துவிடுவேன். இந்தக் குணம் பின்னால் என்னை ஆபரேஷன் தியேட்டரின் வாசல் வரை கொண்டுபோய் விட்டது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படப்பை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பெரிய இடத்தில் காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அப்படித்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேஸ்ட்ரோ பிரிவுக்குப் போனேன். கேஸ்ட்ரோ என்றால் வயிறு, குடல், கல்லீரல் வியாதிகளைப் பார்க்கிற பிரிவு. வெளியே நீள பெஞ்சுகள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தார்கள். நானும் வைத்துக்கொண்டேன்.

முதலில் ஸ்கேன். பிறகு வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஒன்றைக் குடிக்கவைத்து, அது குடலில் இறங்க இறங்க எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைசியில் கொலனோஸ்கோப்பி. முன்தினம் உப்பும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு தண்ணீரை ஜக்கு ஜக்காகக் குடிக்க வேண்டும், குடல் சுத்தமாகும்வரை கக்கூசுக்கும் கட்டிலுக்குமாக நடக்க வேண்டும். மறுநாள் பின்வழியாக, நுனியில் கேமரா வைத்த ஒரு குழாயை விடுவார்கள். வலியைவிடக் கூச்சம்தான் அதிகம். அந்தக் குழாயாலேயே குடலிலிருந்து துளித் துளியாகச் சதை கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதன் பெயர் பயாப்சி.

சிறுகுடல் முடிந்து பெருங்குடலோடு சேருகிற இடத்தில் எனக்குப் புண் இருந்தது. புண் ஆறி ஆறித் தழும்பாகி, அந்த இடத்தில் வழி குறுகிப்போயிருந்தது. அந்த வழி முழுக்க அடைத்தால் வயிற்றைத் திறந்து குடலை வெட்ட வேண்டியிருக்கும் என்றார்கள். அதற்குள் என்ன வியாதி என்று கண்டுபிடித்து மருந்தால் ஆற்ற வேண்டும். வயிற்றை வெட்டிக்கொண்டவன் பிரஸ் முன்னால் நின்று கனம் தூக்க முடியாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது. பயாப்சி முடிவு வரும்வரை வார்டில் சேர்த்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இசக்கிமுத்து. அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஊர். பென்னலூரில் கூட்டாளிகளோடு ரூம் எடுத்துத் தங்கி, ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்த்தான். முப்பது வயதிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணாச்சிக்கும் வயிறுதானா?”

“ம்.”

“எந்தப் பக்கம்? வலது பக்கமா? எனக்கும் அங்கனதான். ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல இடி விழுந்திருக்கு, பாத்தியளா.”

அவனுக்கும் அதே இடத்தில் புண், அதே சுருக்கம். அதே நாளில்தான் அவனுக்கும் குழாய் விட்டார்கள். வார்டில் எங்களை இரட்டையர் என்று சிஸ்டர் கேலி செய்வார். பயாப்சி முடிவு வந்த நாளோடு அது முடிந்தது. எனக்கு வந்தது குடல் டிபி. அவனுக்கு வந்தது குரோன்ஸ்.

இந்த இரண்டையும் கொஞ்சம் விளக்க வேண்டும். டிபி நுரையீரலில் மட்டும் வருவதில்லை. குடலிலும் வரும். அது கிருமியால் வருவது. மாதக்கணக்கில் மாத்திரை தின்றால் போய்விடும். நுரையீரல் சுத்தமாக இருந்தால் இருமலால் பிறருக்கு ஒட்டாது. குரோன்ஸ் கிருமியால் வருவதில்லை. உடம்பின் காவல் சக்தியே தன் குடலைத் தாக்குவது. அது வெளிநாட்டுக்காரர்களின் வியாதி, நம் பக்கம் அபூர்வம் என்றுதான் அப்போது பலரும் நினைத்திருந்தார்களாம். அதை மாத்திரையால் அடக்கி வைக்கலாம், அடியோடு போக்க முடியாது. இதையெல்லாம் வார்டைக் கவனித்துக்கொண்டிருந்த சின்ன டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று சொன்னார். என் காதில் விழுந்தது “அபூர்வம்” மட்டும்தான்.

கேமராவில் பார்த்தால் இரண்டு புண்ணும் ஒரே மாதிரி இருக்கும். பயாப்சியிலும் பல பேருக்குப் பிடிபடாது. டிபிகாரனுக்குக் குரோன்ஸ் மருந்தைக் கொடுத்தால் டிபி உடம்பெல்லாம் பரவிவிடும். குரோன்ஸ்காரனுக்கு டிபி மருந்தைக் கொடுத்தால் மாதக்கணக்கில் வீணாக முழுங்கிக்கொண்டிருப்பான், புண் முற்றிவிடும். அந்தப் பிரிவின் தலைவர், நாங்கள் பெரிய டாக்டர் என்று சொல்லுவோம், பல வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது இதைத்தான். ரத்தத்தை வைத்தோ, சதைத் துணுக்கின் அமைப்பை வைத்தோ, இரண்டையும் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்ல வழி தேடினார். அவர் எழுதியதை வெளிநாட்டு டாக்டர்கள் படிக்கிறார்கள் என்றார் சின்ன டாக்டரம்மா.

அப்படிப்பட்டவர் தினமும் காலையில் ரவுண்ட்ஸ் வந்தார், தினமும் என் கட்டிலைத் தாண்டிப் போய் இசக்கியின் கட்டிலில் நின்றார்.

மாணவர்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள். எனக்குத் தெரிவது அவர்கள் முதுகு. ஒருவர் தன் பையை என் கால்மாட்டில் வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொண்டு போவார். பெரிய டாக்டர் இசக்கியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே பேசுவார். ஊரில் என்ன சாப்பிடுவாய், பால் குடிப்பாயா, அம்மாவுக்கு வயிற்றுக்கோளாறு உண்டா, மூட்டு வலிக்குமா, கண் சிவக்குமா. முத்து, முத்து என்று கூப்பிடுவார். என்னிடம் வந்து “மாத்திரை ஒத்துக்குதா?” என்பார். ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

ஒருநாள் இசக்கியைக் காட்டி மாணவர்களிடம், “நல்லாப் பாத்துக்குங்க, ரொம்ப நல்ல கேஸ்” என்றார். எனக்கு வயிறு எரிந்தது, வியாதியால் இல்லை. மறுநாள் அவர் வார்டுக்குள் நுழையும்போதே கொஞ்சம் உரக்க முனகினேன். நேராக என்னிடம் வந்தார். வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்தார். ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். மாணவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பி நின்றார்கள்.

“ஒண்ணுமில்ல, கேஸ்தான்” என்றார்.

எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. “எழுந்து கொஞ்சம் நடங்க, பிரிஞ்சிடும்” என்று அவர் சேர்த்துச் சொன்னபோதுதான் புரிந்தது. அவன் கேஸ் வேறு, என் கேஸ் வேறு.

“அண்ணாச்சி, நடக்கணுமாம்லா, வாங்க துணைக்கு வாரேன்” என்று இசக்கி கட்டிலை விட்டு இறங்கினான். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

கஸ்தூரி ஒரு கம்பெனி ஆபீசில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். காலை வேலையை முடித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி மதியம் கேரியரோடு வந்துவிடுவாள். வெளியில் எடுத்த ஸ்கேனுக்கெல்லாம் அவள்தான் எங்கிருந்தோ புரட்டினாள், எப்படி என்று என்னிடம் சொல்லவில்லை. தெருவில் கேட்டவர்களிடம் “வவுத்துல புண்ணு” என்று மட்டும் சொன்னாள். டிபி என்று தெரிந்தால் தம்ளரைத் தனியாக வைப்பார்கள். குரோன்ஸ் என்று சொல்லியிருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, மரியாதையாகப் போயிருப்பார்கள். அதிலும் இசக்கிக்குத்தான் அதிர்ஷ்டம்.

அவனுக்கு ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. அம்மா மட்டும்தான், அவருக்கும் முடியாது. இரண்டாம் நாளே கஸ்தூரி கேரியரின் மேல் அடுக்கைத் தூக்கி அவன் கட்டிலில் வைத்தாள். குழைய வடித்த சோறு, காரம் போடாத ரசம்.

“மதினி, ஒங்க ரசத்துக்காவண்டி நான் இங்கனயே கெடந்துருதேன். டாக்டர் போகச் சொன்னாலும் போவ மாட்டேன்.”

“துன்றா, துன்னுட்டுப் பேசு” என்று அவள் சிரித்தாள். எங்கள் வீட்டில் இத்தனை வருஷமாக நானும் அதே ரசத்தைத்தான் சாப்பிட்டேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

“இன்னாயா மூஞ்ச செவுத்துக்குக் காட்டிகினு? வலிக்குதா?”

“இல்ல.”

“பின்ன இன்னா? அந்தப் புள்ளைக்கு ரெண்டு கரண்டி ஊத்துனதுக்கா?”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“நீ எப்பதான் சொன்ன? ஒன் மூஞ்சிதான் மைக்கு வச்சி சொல்லுதே.”

இசக்கி சோற்றுக் கையோடு குலுங்கிச் சிரித்தான். அவன் சிரித்தால் கோபப்பட முடியாது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் சின்ன டாக்டரம்மா வந்து, “சாரோட ஸ்டடில உங்களையும் சேத்துக்கலாமா? அப்பப்ப கொஞ்சம் ரத்தம் எடுப்போம், அவ்வளவுதான். விருப்பம் இல்லன்னா வேண்டாம்” என்று கேட்டார். எதற்கு, எப்படி என்று நிதானமாக விளக்கினார். பெரிய டாக்டரின் ஆராய்ச்சியில் நானும் இருக்கிறேன் என்பதற்கு மேல் எதுவும் என் மனதில் ஏறவில்லை. கையெழுத்துப் போட்டேன். பக்கத்துக் கட்டிலை ஓரக்கண்ணால் பார்த்தேன். “அப்பம் நம்ம ரெண்டு பேரும் ஒரே பேட்ச்சு” என்றான் இசக்கி.

வீட்டுக்கு வந்தேன். டிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். வாய் கசக்கும். காலையில் வெறும் வயிற்றில் அத்தனை மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் பஸ்ஸில் நிற்பது கஷ்டம். ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பசி வந்தது, உடம்பு தேறியது. கம்பெனியில் எனக்குப் பகல் ஷிப்ட் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் நல்லவர்தான். “இன்னொரு வாட்டி இப்டி நீட்டா லீவு போட்டீங்கன்னா, நான் சொன்னாலும் மேல கேக்க மாட்டாங்க, பாத்துக்கங்க” என்று மட்டும் சொன்னார்.

மாத்திரை பாதிக் கட்டத்தைத் தாண்டியிருந்த சமயம் ஒரு செக்கப் நாள். இசக்கியும் வந்திருந்தான். அவனுக்குக் கொடுத்த மருந்தில் முகம் வீங்கி, பூசணிக்காய் போல உருண்டையாக இருந்தது. என் முறை வந்ததும் உள்ளே போனேன். பெரிய டாக்டர் என் ஃபைலைத் திறந்தார்.

“இவர் யாரு?”

“கண்ட்ரோல், சார்” என்றார் சின்ன டாக்டரம்மா.

“ஓ, கண்ட்ரோலா. குட், குட்.” என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். “ப்ளட் எடுத்துட்டு அனுப்புங்க.”

எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. மணிமங்கலத்தில் இருக்கும் என் மாமியாருக்குச் சர்க்கரை. அவருடைய டாக்டர் ஒருநாள் “கண்ட்ரோலுக்கு வந்துடுச்சு” என்று சொல்லி ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். வியாதி அடங்கிவிட்டது. அடங்கியது மட்டும் இல்லை, பெரிய டாக்டரே இரண்டு தடவை குட் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மாத்திரை இன்னும் வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். மேசையைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் இருந்தார்கள். கேட்காமல் வந்துவிட்டேன்.

வெளியே இசக்கியிடம், “எனக்குக் கண்ட்ரோல்னு சொல்லிட்டாரு” என்றேன். நானாக அவனிடம் சொன்ன முதல் செய்தி அதுதான். அவனுடைய வீங்கின முகம் என்ன ஆகிறது என்று பார்த்தேன்.

“அப்படியா? நல்லதா போச்சு அண்ணாச்சி” என்றான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கஸ்தூரி அன்றே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். “அப்ப மாத்தர?” என்று கேட்டாள். “கண்ட்ரோலுக்கு வந்துடுச்சுன்றேன், இன்னும் எதுக்கு?” என்றேன். வாய் கசப்பு போனதும் சோறு ருசித்தது. கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டேன்.

சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பழைய முறுக்கல் லேசாக வந்தது. ஓ.டி. அதிகம், அதனால் என்றேன். ஒருநாள் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயிறு கல்லாகிவிட்டது. இந்தத் தடவை அடங்கவில்லை. பச்சையாக வாந்தி எடுத்தேன். கம்பெனி வேனில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

குடல் அடைத்துக்கொண்டுவிட்டது. மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டு, தேங்கியதை எல்லாம் வெளியே இழுத்தார்கள். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, கையில் டிரிப்ஸ். ஆபரேஷன் டாக்டர் வந்து பார்த்தார். தானாகத் திறக்கிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும் என்று கஸ்தூரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார். அவள் தன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். மறுபடி போட வைத்தார்கள்.

பெரிய டாக்டர் வேகமாக வந்தார். ஃபைலைப் புரட்டினார்.

“நல்லா போய்க்கிட்டிருந்ததே. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?”

என்னால் பேச முடியாது, மூக்கில் குழாய். கஸ்தூரிதான் சொன்னாள்.

“நிறுத்தி எவ்ளோ நாளாவுது சார்.”

“யாரு நிறுத்தச் சொன்னா?”

“நீங்கதான்.”

“நானா?”

“ஆமா சார். நீங்கதான கண்ட்ரோலுக்கு வந்துடுச்சின்னு சொன்னீங்களாம். தேங்கா ஒடைச்சோம்.”

பெரிய டாக்டர் சின்ன டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. பெரிய டாக்டர் என் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அத்தனை வலியிலும் அதைக் கவனித்தேன். அவர் எடைக்கு மெத்தை அந்தப் பக்கம் சாய்ந்தது.

“அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்லீங்க” என்றார். “ஒரு வியாதியை ஆராயும்போது, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு இன்னொரு கூட்டத்தையும் கூட வச்சுக்குவோம். அவங்களை கண்ட்ரோல்னு சொல்லுவோம். அது உங்க ஃபைலுக்கு நாங்க வச்ச பேரு. உங்க வயித்துக்கு வச்ச பேரு இல்ல.” பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, “இனிமே பேஷண்ட் முன்னாடி இந்த வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது, நான் உட்பட” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. வயிற்றை வெட்டப் போகிறார்கள் என்பதற்காக என்றுதான் கஸ்தூரி நினைத்திருப்பாள். ஒப்பிட்டுப் பார்க்க என்றாரே, அதற்காகவும்தான். ஆராய்ச்சி அவன் வியாதியைப் பற்றியது. நான் பக்கத்தில் நிற்க வைத்த ஆள்.

செய்தி கேட்டு இசக்கி ஷிப்ட் முடிந்து அப்படியே யூனிபாரத்தோடு வந்தான். கஸ்தூரி எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

“அண்ணாச்சி, எங்க செக்‌ஷன்ல ஒரு ஓகே பீஸ் கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்போம்லா” என்றான். “வார பீஸ எல்லாம் அதுகூட வச்சுத்தான் பாப்போம். அது இல்லன்னா எது கோணல், எது நேருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஓகே பீஸ் நீங்க. நாந்தான் ரிஜெக்ட்டு.”

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். கஸ்தூரி, “இன்னாடா பேச்சு இது” என்று அவன் தலையில் தட்டினாள். என்னைக் கேட்டால், ரிஜெக்ட் பீஸைத்தான் மேனேஜரிலிருந்து எல்லோரும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். ஓகே பீஸை யாரும் தொடுவதுகூட இல்லை. மூக்கில் குழாய் இருந்ததால் இதை நான் சொல்லவில்லை.

குடல் அடைப்பு திறந்ததா என்பதற்கு ஒரு அடையாளம்தான் உண்டு. காற்றுப் பிரிய வேண்டும். வெளிநாட்டு டாக்டர்கள் படிக்கிற அளவுக்கு எழுதிய பெரிய டாக்டர், காலையும் சாயங்காலமும் என்னிடம் வந்து, “காத்துப் பிரிஞ்சுதா?” என்று கேட்டார். மாணவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் தலையை ஆட்டுவேன், இல்லை. ஆபரேஷன் டாக்டர் நாள் குறித்துவிடலாம் என்றார். பெரிய டாக்டர், நாளைக் காலை வரை பார்ப்போம் என்றார். கஸ்தூரி வேலைக்குப் போகாமல் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தாள்.

மறுநாள் விடிந்ததும் பிரிந்தது. யாரிடம் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்க்க வந்த இசக்கி என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான்.

“சிஸ்டர், அண்ணாச்சிக்கு வந்துட்டு” என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னான். எதிர்க் கட்டில் பெரியவர் கைதட்டினார். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர்.

வெட்டவில்லை. ஆனால் மருந்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், ஊசியும் சேர்த்து, முன்னைவிட நீண்ட காலத்துக்கு. கம்பெனியில் பெரிய டாக்டரின் சீட்டைக் காட்டினேன். கனம் தூக்காத வேலையாக பேக்கிங்குக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை கஸ்தூரி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டி, நான் விழுங்கி வாயைத் திறந்து காட்டும்வரை நகர மாட்டாள். ஒவ்வொரு செக்கப்பிலும், கூட்டம் இருந்தாலும், “மாத்தர நிறுத்தலாமா, கூடாதா?” என்று வாய்விட்டுக் கேட்கக் கற்றுக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்களில் என் மாதிரி ஆள் இருந்தால் அவர்களும் கேட்க வேண்டும். டாக்டர் சிரித்தாலும் பரவாயில்லை.

எல்லாம் முடிந்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். புண் இருந்த இடத்தில் வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. “முடிஞ்சுது. இனிமே நீங்க வர வேண்டாம்” என்றார். அவருடைய ஆராய்ச்சியும் அந்தச் சமயத்தில் ஒரு கட்டத்துக்கு வந்திருந்தது. எங்கள் இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், எந்தெந்த அடையாளம் இருந்தால் எது என்று முன்னைவிடத் தெளிவாகச் சொல்ல முடிகிறது, இனி வருகிறவர்கள் பலர் தப்பான மருந்தை விழுங்க வேண்டியிருக்காது என்றார் சின்ன டாக்டரம்மா. என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் அங்கே போக வேண்டிய அவசியம் இல்லை. இசக்கி மட்டும் போய்க்கொண்டிருந்தான். வரும் வழியில் எங்கள் வீட்டில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவான். பெரிய டாக்டர் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் பேசினார் என்று கேட்பேன். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றும் கேட்பேன். “கேட்டாவ அண்ணாச்சி” என்பான். கேட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் அவனுக்கு வியாதி மறுபடியும் தலைதூக்கி, மலத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. வீங்கியிருந்த முகம் வற்றி எலும்பு தெரிந்தது. “அந்தப் புள்ள தனியா போவுது, கூடப் போயேன்யா” என்றாள் கஸ்தூரி. லீவு கேட்டேன், கொடுத்தார்கள். அவனுக்குத் துணையாகத்தான் போனேன். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தால் ஏதாவது பேசுவார் என்கிற எண்ணமும் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பெரிய டாக்டர் அந்த வழியாகப் போனார். நின்று இசக்கியின் தோளில் கை வைத்தார். “முத்து, ஃபைலோட உள்ள வந்துடு, இன்னைக்கு சர்ஜனும் பாக்கட்டும்” என்றார். என்னைப் பார்த்தார். யார் என்று யோசிப்பது தெரிந்தது. “நல்லா இருக்கீங்கல்ல?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் வயிற்றில் கை வைத்தபடி ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்தவர், பயந்திருந்தார்.

“உங்க ரெண்டு பேர்ல யாருக்குப்பா ஒடம்புக்கு?” என்று கேட்டார்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற இசக்கி, அன்று ஒன்றையும் எடுக்கவில்லை.

“எனக்குத்தான்க்கா” என்றான். “இவிய மருந்த முடிச்சிட்டாவ.”

சொல்லிவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தான். அவன் மடியில் ஃபைல் கனமாக இருந்தது, எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்து. அதை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பெயரைக் கூப்பிட்டபோது இரண்டு பேருமாக எழுந்து போனோம்.